காவினுக்கும் கல்யாணத்துக்கும் இடையில்

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் காலை, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் வாட்டுக்கு வெளியே ஷரிபுதீன் ஹாஜியார் கதிரையில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் நஸ்லின். சுவரோரமாக மருமகன் அஸ்கி. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய பேரன்.

டொக்டர் யதுசா ஸ்கேன் முடித்து வந்தாள்.

"மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிரிக்கி ஐயா. ரெண்டு பக்கமும். கொஞ்ச நஞ்சமில்ல."

"என்னத்துக்குக் கசியிற? புள்ளைய ஒருத்தரும் கீழ போடல்லியே."

"போடத் தேவல்ல. இருபத்தொன்பது கிழமைப் பிள்ளைட மூளையில ரத்தக்குழாய் எல்லாம் நனைஞ்ச கடதாசி மாதிரி. குளிர் பட்டா, குலுங்கினா, மூச்சு முட்டினா பிஞ்சிரும். வலி வந்த நேரம், பிள்ளையப் பாதுகாக்கிற ஊசி தாய்க்குப் போட்டதா?"

"இல்ல."

"பிள்ளை எங்க பொறந்த?"

"களுவாஞ்சிக்குடி தாண்டி. வேனுக்குள்ள."

"மறுகா எப்புடிக் கொண்டு வந்த?"

"என்ட சால்வையில சுத்தி."

அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

காவின், அதாவது நிக்காஹ் பதிவு, எழுதி எட்டு மாதம். கல்யாணம் நடந்து நாலு மாதம். மகளுக்குக் கொடுக்கும் வீட்டின் மேல்மாடி முடியாமல் மாப்பிள்ளையை அழைப்பது தன் குடும்பத்துக்கு அழகில்லை என்று தள்ளிப்போட்டவர் ஹாஜியார்தான். இடையில் பிள்ளை தங்கிவிட்டது. மார்க்கத்தில் குற்றமில்லை, காவின் எழுதிய அன்றே அவர்கள் கணவன் மனைவி. ஆனால் ஊர் கல்யாணச் சோற்றிலிருந்துதான் மாதம் எண்ணும். எட்டாம் மாதம் அவளைக் கொழும்பிலுள்ள மகன் வீட்டுக்கு அனுப்பி, ஊர் கணக்கு மறந்த பிறகு பிள்ளையோடு கூட்டி வருவதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

பிள்ளை அதுவரை பொறுக்கவில்லை. முந்தாநாள் நடுப்பகல், லுஹர் பாங்கு நேரம் சாய்ந்தமருதில் வலி பிடித்தது. பத்து நிமிடத்தில் கல்முனை. ஆஸ்பத்திரி வாசலில் அஸ்கி வேனை மெதுவாக்கினான். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் ஊர்ப் பெண்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

"நேரா மட்டக்களப்புக்கு விடு," என்றார் ஹாஜியார்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "வழியில எத்தின ஆஸ்பத்திரி. ஒண்டிலயும் நிப்பாட்டல்லியா? ஊசியாவது போட்டிருக்கலாம்."

"மருமகன் பதட்டத்தில நிப்பாட்டாம ஓட்டிட்டார்."

அஸ்கி நிலத்தைப் பார்த்தான்.

"அவர் நிப்பாட்டத்தான் பாத்த," என்றாள் நஸ்லின். "வாப்பாதான் போகச் சொன்ன."

டொக்டர் அவரைப் பார்த்தாள். அதையும் எழுதினாள். பிறகு, பிள்ளை பிழைக்கலாம், நடப்பதையும் கதைப்பதையும் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றுவிட்டு உள்ளே போனாள்.

"வெளி மனிசர்ட முன்னால வாப்பாவக் காட்டிக் குடுக்கிறதா மகள்?"

"ஊரு எண்ணிப்போடும் எண்டுதானே பயந்த நீங்க? இனி எண்ணட்டும். எத்தின வயசில நிமிந்து இருக்கும், எத்தின வயசில நடக்கும் எண்டு வருசக் கணக்கா எண்ணட்டும்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. தங்கை றம்லா.

"காக்கா, நஸ்லினுக்குப் புள்ள கிடைச்சாமே. எங்களுக்கு ஒரு சொல்லுமில்ல. எத்தின மாசம்?"

எத்தனையோ பொய் நாக்கு நுனிவரை வந்தது. நஸ்லின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு," என்றார்.

மறுமுனையில் பேச்சு நின்றது. றம்லா கல்யாணத்திலிருந்து எண்ணுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் எண்ணி முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தார்.