மூன்றாவது கட்டம்

சர்வேயரின் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் இரவல் வாங்கியதில்லை. அவருடைய அப்பா மழைக்குக்கூடப் பக்கத்து வீட்டில் குடை கேட்காதவர். மழை விடும் வரை அலுவலக வாசலில் நிற்பார். விடாவிட்டால் நனைந்துகொண்டே வீடு வருவார். இதைப் பெருமை என்பவர்கள் உண்டு, திமிர் என்பவர்களும் உண்டு. குடும்பப் பெயரைக் காப்பவனுக்கு இரண்டு பேச்சும் காதில் விழக்கூடாது.

அந்த அப்பாவின் இரண்டு பிள்ளைகளில் மூத்தவள் நர்ஸ், இளையவர் சர்வேயர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் ஊர் அவரைச் சர்வேயர் என்றுதான் கூப்பிட்டது. முப்பத்து நாலு வருடம் அடுத்தவர் நிலத்தின் எல்லையை அளந்தவர், தன் எல்லைக்குள் ஒருவரையும் காலெடுத்து வைக்க விட்டதில்லை.

அக்கா இறந்து ஐந்து வாரம் கழித்துத் தையல்காரர் அவர் வீட்டுப் படியேறினார். மூன்றே படிகள். கதவைத் திறந்து நின்ற சர்வேயர், உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் ஒரு படி பாக்கி இருந்தது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன மனிதர். பேச்சும் குழறும். ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்காது.

"ஊருக்கே சட்டை தைச்சவன் சார் நான். இப்ப என் சட்டைக்குப் பட்டன் போட வீட்டுக்காரி வரணும்" என்று தன்னைத் தெரியப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்த விஷயம் இது. நகராட்சியின் சமுதாயக் கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அக்கா பக்கவாதக்காரர்களுக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு பேர். கூடத்தின் நீளச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள், வருவார்கள். அவ்வளவு நீளமான சுவர் அவர்களில் ஒருவர் வீட்டிலும் கிடையாது. அக்கா பெயரில் இருந்த வாடகை விலக்கு அவளோடு முடிந்துவிட்டது. இனி வேறு யாராவது விண்ணப்பித்து, விலக்குக் குழுவின் முன்னால் நேரில் போய் நிற்க வேண்டும். வீட்டாரெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். பதினோரு பேரில் சிலருக்கு எழுதக் கை வராது, மற்றவர்களுக்குப் பேச வாய் வராது. நர்ஸம்மாவின் தம்பி நின்றால் கௌரவமாக இருக்கும் என்று எல்லாரும் சேர்ந்து அனுப்பினார்களாம்.

"எங்க வீட்டுல ஆரம்பிச்ச காரியம் பாதியில நிக்காது" என்றார் சர்வேயர்.

அவருக்கு இதில் மனதுக்குள் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. நகராட்சியே மரியாதையாகக் கூப்பிட்டு அக்காவுக்குக் கூடத்தைக் கொடுத்திருக்கிறது என்றுதான் பன்னிரண்டு வருடமாக நாலு பேரிடம் சொல்லி வந்திருக்கிறார். அக்கா ஒருநாளும் அதை மறுத்ததில்லை.

நகராட்சி அலுவலகத்தில் கூடங்களுக்கான ஜன்னலில் இருந்த பெண், யார் தம்பி என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். படிவத்தைக் கொடுத்தாள். ஒரு பக்கம்தான். பெயர், முகவரி, நாள், நேரம். அதற்குக் கீழே, விலக்குக் கேட்கும் காரணம் என்று போட்டு இரண்டே கட்டங்கள். ஒன்று, நகராட்சி நடத்தும் நிகழ்ச்சி. இன்னொன்று, கட்டணம் செலுத்த வசதியற்றோர்.

"எங்க அக்கா எதுல டிக் போட்டாங்க?"

அந்தப் பெண் கோப்பை எடுத்துப் புரட்டினாள். பன்னிரண்டு படிவங்கள். பன்னிரண்டிலும் அக்காவின் சாய்ந்த கையெழுத்து, பன்னிரண்டிலும் இரண்டாவது கட்டம்.

"குழு முன்னாடி வாயாலயும் சொல்லணும் சார். கட்ட வசதி இல்லைன்னு. சொன்னதை அப்படியே எழுதிக்குவாங்க. அதுதான் முறை."

சர்வேயருக்குக் காது மடல் சுட்டது. சொந்த வீடும் ஓய்வூதியமும் இருந்தவள், வருடா வருடம் அந்நியர்கள் முன்னால் போய் நின்று இல்லை என்று சொல்லியிருக்கிறாள். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் மேஜை மேல் படிவத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பழைய அளவுகோலையும் மெல்லிய முனைப் பேனாவையும் எடுத்தார். இருந்த இரண்டு கட்டங்களையும் அளந்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளந்தார். அதே அகலம், அதே உயரம், அதே இடைவெளியில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அச்சடித்தது போலவே இருந்தது. பக்கத்தில் 'ஊருக்குப் பயன்படும் பணி' என்று எழுதி, அதில் டிக் போட்டார்.

அவர் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவங்க போட்ட கோட்டுக்குப் பக்கத்துல நீங்க ஒரு கோடு போட்டா, அது எல்லையாயிடுமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியுது. இந்த வீட்டுல பசிச்சாக்கூடப் பெருமையைத்தான் சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

குழு கூடிய அன்று தையல்காரரும் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் இருந்த தலைவி நாற்பது வயதுப் பெண். படிவத்தைக் கையில் எடுத்தவள் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஆனால் இது என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

சர்வேயர் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார். செவ்வாய், வெள்ளி காலையில் அந்தக் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டிக் கிடக்கும் கூடத்துக்கு யார் வாடகை கொடுக்கிறார்கள்? நடக்க முடியாதவன் எழுந்து நடந்தால் அவன் வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போகலாம், அது ஊருக்கு லாபம். ஊருக்கு லாபம் செய்கிறவனிடம் ஊர் கட்டணம் கேட்கக்கூடாது. கேட்காமல் இருப்பதற்கு அவன் தன்னை இல்லாதவன் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை. குரல் நடுங்காமல் சொன்னார். மேஜையில் இருந்த இருவர் தலையாட்டினார்கள்.

"நீங்க சொல்றது நியாயம் ஐயா" என்றாள் தலைவி. "இப்படி ஒரு கட்டம் இருக்கணும்னு நானே மேல எழுதறேன். அது எப்ப வருமோ தெரியாது. இன்னைக்கு இருக்கறது ரெண்டுதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மத்ததை நாங்க பார்த்துக்கறோம். கட்ட வசதி இருக்கா, இல்லையா?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதைப் போலத்தான் அது. சர்வேயருக்கும் அது புரிந்தது. பின்னால் தையல்காரர் தொண்டையைச் செருமியதும் கேட்டது. அந்த ஒரு வார்த்தை நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

"எங்க குடும்பம் யார் முன்னாடியும் இல்லைன்னு நின்னது கிடையாது" என்றார்.

தலைவி குனிந்து, மறுக்கப்பட்டது என்று எழுதினாள்.

தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சொல்லத் தொடங்கினார். படபடப்பில் நாக்கு புரளவில்லை, ஒலி மட்டும்தான் வந்தது. தலைவி முன்னால் சாய்ந்து காது கொடுத்தாள். மேஜையின் ஓரத்தில் இருந்தவர் உதவுவதாக நினைத்து, எழுதிக் கொடுக்கச் சொன்னார். தையல்காரர் தன் வலது கையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குப் பிறகே மீண்டும் கொடுக்கலாம் என்று படித்துக் காட்டினார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நடைவழியில் சர்வேயர், ஆறு மாத வாடகையையும் தானே கட்டுவதாகச் சொன்னார். தையல்காரர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"நகராட்சி கொடுத்தா, அது என் ஊரு கொடுக்கறது. நானும் வரி கட்டினவன். நீங்க கொடுத்தா, அது உங்க கை. உங்க கையை நாங்க எதுக்கு சார் பிடிக்கணும்? முதுகெலும்பு உங்க வீட்டுல மட்டும்தான் இருக்குதா?"

மற்ற பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். தன்மானத்தின் அருமை தெரிந்த சர்வேயர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கூடம் காலையில் பூட்டிக் கிடந்தது. கடைவீதிக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவர் வேறு தெருவைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். அப்படியும் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பதினோரு பேரில் மளிகைக் கடைக்காரரின் மனைவி சமையலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். இருவரைப் பிள்ளைகள் வெளியூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலியோடு முடங்கிவிட்டார்கள். தையல்காரரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சர்வேயரும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் அதே ஜன்னலில் போய் நின்றார். அந்தப் பெண் படிவத்தை நீட்டிவிட்டுத் தயங்கினாள்.

"நர்ஸம்மாகிட்ட ஒரு தடவை கேட்டேன் சார், இப்படி வந்து சொல்றதுக்குக் கூச்சமா இல்லையான்னு. கூச்சமாத்தான் இருக்கு, ரெண்டு நாள் தூக்கம் வராதுன்னாங்க. ஆனா என் தம்பிக்குத் தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான், எங்கேயாவது பார்த்தா சொல்லிடாதேன்னாங்க. நான்தான் அன்னைக்கு யோசிக்காம கோப்பை எடுத்துக் காட்டிட்டேன்."

சர்வேயர் அந்த ஜன்னல் பலகையிலேயே படிவத்தை வைத்து இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். கோடு கட்டத்தைத் தாண்டி வெளியே போயிற்று.

குழுவின் முன்னால் நின்று, "கட்ட வசதி இல்லை" என்றார். தலைவி வேறொன்றும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள், அனுமதி என்றாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஓரத்தில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் அடுத்த காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எந்த அவமானத்துக்கு அவர் அத்தனை நாள் அஞ்சினாரோ, அதை அந்த அறையில் ஒருவரும் கவனிக்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூடத்தைத் திறந்தார். நாலு பேர் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிட்டு, சாவியோடு நேரே தையல்காரர் வீட்டுக்குப் போனார்.

ஒரே அறை. தையல் மெஷின் மேல் போர்வை போட்டு மூடி, அதன் மேல் மருந்துப் புட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரண்டரை அடிக்கு மேல் இராது. சர்வேயரின் கண் கேட்காமலே அளந்தது. தையல்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மனைவி தோளைப் பிடித்துத் திருப்பி, தலையணையை முட்டுக் கொடுத்தாள். மூன்று மாதமாக எழுந்து நிற்கவில்லை என்றும், இனிமேல் கால் ஊன்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் தணிந்த குரலில் சொன்னாள். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் சர்வேயருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூடம் கிடைத்துவிட்டது என்று சொன்னார். வந்த நாலு பேர் யார் யார் என்றும் சொன்னார். தையல்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வாயசைத்தார். சர்வேயருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அங்க என்ன சொன்னீங்கன்னு கேக்கறாரு" என்றாள் மனைவி.

"கட்ட வசதி இல்லைன்னு சொன்னேன்."

தையல்காரரின் முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. மறுபடி ஏதோ சொன்னார். இந்த முறை அவர் மனைவி போர்வையின் ஓரத்தைச் சரி செய்தாள்.

"பரவாயில்லை, சொல்லுங்கம்மா."

"'அவ்வளவுதானா'ன்னு கேக்கறாரு."

சர்வேயர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "அவ்வளவுதான்."