மரியாதைப் பன்மை

"இதுல எங்கடி கெட்ட வார்த்தை இருக்கு?"

"கெட்ட வார்த்தை இருக்குன்னு நான் சொல்லவே இல்லியே."

"திட்டறாங்கன்னு சொன்னியே."

"ஆமா. திட்டறாங்க."

அக்கா ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் போன் அவள் கையில் இருந்தது. தான் வேலை பார்க்கும் வங்கிக் கவுன்டரில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரலிலேயே படித்தாள்.

"'வந்துட்டீங்களா மேடம்? தங்களுக்காகத்தான் மெஷினே ஓடாம நிக்குதுங்க.' 'அம்மையார் தண்ணி குடிச்சாச்சுங்களா?' 'தாங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்குமுங்க.' அதுக்குக் கீழ வரிசையா கும்பிடு. ஏன்டி, நான் நாள் முழுக்க ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் ங்க போடறேன். ஒருத்தனும் அழுதுட்டுப் போனதில்ல."

"உன்னை யாராவது வீட்டுல 'வாங்க மேடம், உட்காருங்க'ன்னா எப்படி இருக்கும்?"

"கடன் கேக்க வந்திருக்காங்கன்னு நினைப்பேன்."

தங்கை சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தாள். திறந்த கையோடு மூடினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிர்வீட்டு மாடியில் யாரோ உதறிய போர்வை ஒரு கணம் காற்றில் மிதந்து, பிறகு ஒன்றுமில்லை என்பதுபோல் தொங்கியது.

தங்கை மூக்குக்கண்ணாடி செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். நான்கு பெண்கள், ஒரு நீள மேசை, ஆளுக்கொரு பட்டப்பெயர். நெட்டையும் ரேடியோவும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு வெட்டுவார்கள், பட்டாணி பொருத்துவாள், இவள் பவர் சரியாக இருக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்த்து அனுப்புவாள். உருவமும் சின்னது, குரலும் காதோரம் ரீங்கரிக்கும் என்பதால் இவளுக்குக் கொசு என்று பெயர். வைத்தது நெட்டை. நான்கு பேருக்கும் தனியாக ஒரு க்ரூப் உண்டு. அதன் பெயர் 'கண்ணாடிக் கழுதைகள்'.

ஒருவரை ஒருவர் அவர்கள் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள். 'ஏன்டி எருமை, இன்னும் சாகலையா?' என்றால் காலை வணக்கம். லென்ஸ் கோணலாக இருந்தால் கொசு மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவாள்: "நெட்டை, உன் கண்ணுக்கு முதல்ல ஒரு கண்ணாடி போடுடி." அந்தப் பக்கமிருந்து பதிலுக்கு ஒரு துடைக்கும் துணி பறந்து வரும்.

போன மாதம் ஒருநாள் மேனேஜர் புதிதாக ஓர் ஆபீஸ் க்ரூப் தொடங்கினார். தப்பாகிப்போன லென்ஸ் எது என்றாலும் இனி அதில்தான் எழுத வேண்டும் என்றார். முதல் நாளே நெட்டை வெட்டிய ஒரு லென்ஸ் ஃபிரேமுக்குள் லேசாகத் திரும்பியிருந்தது. மேனேஜர் இருக்கிற இடத்தில் எப்படி 'டி' போடுவது என்று யோசித்து, கொசு எழுதினாள்: 'நீங்க வெட்டின இடது லென்ஸ் திரும்பியிருக்கு. சரி பண்ணிக் குடுங்க.'

அவ்வளவுதான். நெட்டை எதிரிலேயே உட்கார்ந்து அதைப் படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். லென்ஸை எடுத்துக்கொண்டு போய்ச் சரி செய்தாள். அன்று சாயங்காலம் கழுதைகள் க்ரூப்பில் அவள் எழுதியது: 'சரி பண்ணிட்டேனுங்க மேடம்.'

கொசு அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டாள். வேறு யாரும் போடவில்லை.

மறுநாள் ரேடியோ தொடங்கினாள், அடுத்து பட்டாணி. க்ரூப்பின் பெயர் 'மேடம் அவர்களின் பணிவான ஊழியர்கள்' ஆனது. இவளுடைய அடையாள அட்டைப் படத்துக்கு யாரோ கிரீடம் வைத்தார்கள். பட்டறையில் இப்போது பேச்சே இல்லை. வெட்டும் மெஷினில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும். திடீரென்று மூன்று போன்கள் அடுத்தடுத்து உறுமும், கடைசியாக இவளுடையது. எடுத்துப் பார்த்தால் ஒரு 'தாங்கள்' இருக்கும். நிமிர்ந்தால் மூன்று தலைகளும் குனிந்திருக்கும். கூட்டமான பஸ்ஸில் தன்னைச் சுற்றி மட்டும் எல்லோரும் விலகி நிற்பது போல அவளுக்கு இருந்தது. இடம் நிறைய இருக்கிறது, மூச்சுதான் முட்டுகிறது.

மேனேஜரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "இவ்வளவு மரியாதையான க்ரூப்பை நான் பார்த்ததே இல்லம்மா. எங்க வீட்டு க்ரூப்பை வந்து பாருங்க" என்றார். பிறகு, "ஒத்துவரலைன்னா சொல்லுங்க, வேற கிளைக்கு மாத்திடறேன். திங்கட்கிழமை முடிவு சொல்லுங்க."

நாளை திங்கட்கிழமை. வேறு கிளையில் வேறு மேசை இருக்கும். எதிரே நெட்டை இருக்க மாட்டாள்.

"ரொம்ப யோசிக்காத" என்றாள் அக்கா. "அவங்க ங்க போட்டா நீ டி போடு. பழையபடி நாலு திட்டு திட்டு. தானா சிரிச்சிருவாளுங்க."

"அப்படியா சொல்ற?"

"எழுதுடி. நான் இருக்கேன்ல."

கொசு போனை வாங்கினாள். எழுதினாள், அழித்தாள், அறையை ஒரு சுற்று வந்தாள், மறுபடி எழுதினாள். 'ஏய் லூசுங்களா, போதும்டி. நெட்டை, செருப்பு பிஞ்சிரும். ஒழுங்கா பேசுடி.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். அனுப்பியதும் ஏனோ பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு வாய் தன்னுடையதாக இருந்தது.

மூன்று பேரும் படித்தார்கள். பதில் ரேடியோவிடமிருந்து வந்தது: 'மேடம் எங்களை ஒருமையில் பேசியது மிகவும் வருத்தமளிக்கிறதுங்க.'

கொஞ்ச நேரத்தில் கொசு எழுதிய வரிகளை ரேடியோ ஸ்கிரீன்ஷாட்டாக ஆபீஸ் க்ரூப்பில் போட்டிருந்தாள். மேலே இருந்த எந்த 'தாங்கள்' வரியும் அதில் இல்லை. அவளுடைய லூசும் செருப்பும் மட்டும். கீழே மேனேஜர் எழுதியிருந்தார்: 'சக ஊழியரைச் செருப்பு என்றெல்லாம் பேசுவதை ஏற்க முடியாது. நாளை காலை எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கவும்.'

அக்கா எட்டிப் பார்த்தாள். தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் சும்மாதான்டி சொன்னேன்" என்றாள்.

"தெரியும்."

"உங்க ஆளுங்ககிட்ட வேணா நான் பேசட்டுமா?"

"நீ பேசினா மேடத்தோட அக்கா மேடம்னு உனக்கும் ரெண்டு கும்பிடு வரும்."

கொசு சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்தாள், குடிக்காமல் வைத்தாள். ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி பார்த்தாள். மேல் ஓரத்தில் சார்ஜ் அளவு சிவப்பாக இருந்தது. எப்போதும் சார்ஜ் போட மறப்பவள் அந்த நான்கு பேரில் ஒருத்திதான், நெட்டை. அப்படியானால் போட்டது ரேடியோ என்றாலும் எடுத்தது ரேடியோ இல்லை. அங்கேயே குளிர்ந்த தரையில் உட்கார்ந்தாள்.

நெட்டையைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிடவில்லை.

அவளுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தாள். 'அன்னிக்கு மேனேஜர் இருந்ததாலதான் அப்படி' என்று தொடங்கி அழித்தாள். 'மன்னிச்சிருங்க' என்று கை தானாக அடித்தது. அந்த ங்க-வைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. அதை அழித்தாள். 'மன்னிச்சிரு' என்பது இப்போது யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது. அதையும் அழித்தாள். திரையின் மேலே, நெட்டையின் பெயருக்குக் கீழே, 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. போனுக்குக்கூட அவள் 'ஆர்'தான். அது மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. அந்தப் பக்கமும் யாரோ எழுதி எழுதி அழிக்கிறார்கள்.

அக்கா வாசலில் நின்று, "என்னடி பண்ற தரையில?" என்றாள்.

கொசு நிறுத்தாமல் அடித்து, திரும்பப் படிக்காமல் அனுப்பினாள்.

'நாளைக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். கேட்டுட்டு வேற கிளைக்குப் போகச் சொன்னாலும் போறேன். அதுக்கு முன்னாடி, நான் உள்ள வரும்போது, யாருக்கும் கேக்காம ஒரே ஒரு தடவை வாடின்னு சொல்றியா?'