லோமான் என்று ஒரு சீட்டு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. ஜெர்மனியில், பிரேமன் நகரில், என் கீழ்வீட்டுக்காரி வீப்கே. அவள் வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்காது, படிக்கட்டில் நின்றுதான் பேசுவாள், ஸ்பீக்கரில். நான் மேல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், வெகுநேரமாக.

"அவள் வாழ்க்கையும் அந்த இணைப்பைப் போலவே..."

(இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் வீட்டு இணையம் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான்.)

2
நாளை மறுநாள் அவளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். விவாகரத்துக்குப் பின் தேடிய முதல் வேலை. படமோ நொடிக்கொருதரம் உறைந்துபோகிறது.

"ரௌட்டரை அணைச்சுப் போட்டீங்களா மேடம்?" என்றது ஸ்பீக்கரில் இணையக் கம்பெனிக் குரல்.

"போட்டாச்சு. ஒயரும் மாத்தியாச்சு. இனி என்னையும் ஒருதரம் அணைச்சுப் போட்டாத்தான் உண்டு."

"காலைல டெக்னீஷியன் வந்தாரே. லோமான்னு பேரே இல்லைன்னு திரும்பிட்டார்."

"ஜன்னல்லயேதான் உட்கார்ந்திருந்தேன்! பெல் அடிக்கக் கூடாதா?"

"எந்த பெல்லை அடிப்பார்?"

இங்கே வீட்டுக்கதவுக்கு எண் கிடையாது. அழைப்புமணிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் விலாசம். லோமான், முன்னாள் கணவன் ஹாகனின் பெயர். அவன் போன அன்றே அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறந்தவீட்டுப் பெயரை ஒட்டியவள், இணைய இணைப்பில் பெயரை மாற்ற மறந்துவிட்டாள்.

"பேர் மாத்த ரெண்டு வாரம் ஆகும். நாளைக்கு மறுபடி அனுப்புறேன். பெல்லுல லோமான்னு இருக்கட்டும்."

3
(ஹாகனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. அடுத்து அவள் அவனுக்குப் போன் போட்டபோது அவன் நல்லவிதமாகவே பேசினான். எரிச்சலே அதுதான்.)

"ஒருநாளைக்குத்தானே வீப்கே. ஒட்டிட்டு எடுத்துடு."

"பன்னிரண்டு வருஷம் ஒட்டியிருந்தது போதாதா?"

"உன் பிடிவாதம் இன்னும் போகலை."

"அது ஒண்ணுதான் என் பேர்ல இருக்கு."

4
முடிவு ஒன்று: நாள் முழுக்க வாசல் மழையில் நின்று டெக்னீஷியனை மறிக்கிறாள். (செய்யக்கூடியவள்தான். ஆனால் அவன் "நீங்கதானே லோமான்?" என்பான். ஆமாம் என்று வாயால் சொல்ல வேண்டும். சீட்டே தேவலை.)

முடிவு இரண்டு: மேல்வீட்டு ஆள் இறங்கிவந்து, "எங்க வீட்ல வேகம் நல்லா இருக்கு, வந்து பேசுங்க" என்கிறான். (இரண்டு வருஷமாக அவனுக்கும் அவளுக்கும் காலை வணக்கம் மட்டும்தான் பழக்கம். அதற்குமேல் ஒரு வாக்கியம் எழுத...)

5
மறுநாள். வாசலில் வீப்கே. ஒரு கையில் வெள்ளைச் சீட்டு, மறுகையில் பேனா. தெருமுனையில் வண்டி திரும்புகிறது. நான் படியில், பாதி இறங்கியபடி.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. டெக்னீஷியன் வண்டியைவிட்டு இறங்கிவந்து பெயர்களை மேலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டான். சீட்டு இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதில் என்ன பெயர் என்று நீங்களே எழுதுங்கள், சீக்கிரம்.