இட்டேரியைத் தாண்டிய மண்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஆறுச்சாமியின் இரண்டு ஏக்கர் தோட்டத்து மேல்மண், 2019 மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு எழுந்து, வேலிகளுக்கு நடுவே ஓடும் வண்டிப்பாதையான இட்டேரியைத் தாண்டி, எதிரே தரிசாகக் கிடந்த அப்பாஸ் ராவுத்தரின் காட்டுக்குப் போய்விட்டது. புழுதி கிளம்பவில்லை, சத்தமும் இல்லை. செம்மறிக் கூட்டம் போல ஒட்டிக்கொண்டு, நின்று நின்று போனது. கடைசி மண் கடந்து முடிய மாலை நாலு மணி ஆயிற்று. வழியில் வந்த பால்காரர் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு சுற்றுவழியாகப் போனார். ஆறுச்சாமி அப்போது களைக்கொல்லி நிரம்பிய டேங்கை முதுகில் மாட்டியபடி தோட்டத்து நடுவில் நின்றிருந்தார். தன் காலடி மண்ணும் நகர்ந்தபோது வழிவிட்டுத் தள்ளி நின்றார். கஞ்சிப் போசியோடு வந்த அவர் மனைவி பழனாத்தாளின் கண்ணில் பட்டது வெள்ளைச் சுக்கான் கல்லும், வேர் தெரிய அதன்மேல் நின்ற நாற்பத்திரண்டு தென்னைகளும்தான்.

அப்பாஸ் கொழிஞ்சாம்பாறையில் பாத்திரக்கடை வைத்திருந்தார். காட்டை வாங்கிப் போட்டதோடு சரி, எட்டு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. செடியும் கொடியும் இடுப்புயரத்துக்கு மண்டிக் கிடந்தன. தகவல் தெரிந்து ஸ்கூட்டரில் வந்து பார்த்தவருக்குக் காடு ஒரு சாண் உயர்ந்திருப்பது தெரிந்ததும் கூச்சமாகப் போய்விட்டது. "நான் ஒண்ணும் கூப்புடலீங்க அக்கா. அதுவாத்தான் வந்துருக்கு" என்று பழனாத்தாளிடம் இரண்டு முறை சொன்னார். தானே டிராக்டர் பிடித்து மண்ணை டிரெய்லர் டிரெய்லராகத் திருப்பி அனுப்பினார். விருந்தாளி மாதிரி மூன்று நாள் இருந்துவிட்டு, நான்காம் நாள் அது மறுபடி அங்கேயே போய்விட்டது. வேளாண் அலுவலகமான கிருஷிபவனிலிருந்து வந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வெள்ளத்தில் போனதற்கும் காற்றில் போனதற்கும் படிவத்தில் இடம் இருந்தது, நடந்து போனதற்கு இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

ஆறுச்சாமியைப் போலத் தோட்டம் வைத்திருந்தவர் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. ஒரு புல் தலைகாட்ட விடமாட்டார். விழுந்த மட்டையை அன்றைக்கே எரித்துவிடுவார். மாதம் ஒரு உழவு போட்டு, கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி வைத்திருப்பார். மண்ணுக்குச் செய்கிற மரியாதை அதுதான் என்று இருபது வருஷமாக நம்பியிருந்தார். இப்போது தென்னைகளில் குரும்பை உதிர்ந்தது. கல் வெட்டி எடுக்க இடத்தைக் கேட்டு ஒருவர் வந்தார், ஆடி பிறக்கட்டும் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். தினமும் இட்டேரி வரைக்கும் நடந்துபோய் நிற்பார். தாண்டிப் போய்ப் பார்க்க மட்டும் கால் வரவில்லை.

பழனாத்தாள் தாண்டினாள். முதல் நாள் மண்ணோடு சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனாள். புதரை விலக்கி உட்கார்ந்து, மக்கிய சருகை ஒதுக்கினாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சித்திரை வெயிலில் ஊரெல்லாம் வெடித்துக் கிடக்க, இங்கே மண்புழு நெளிந்தது, நூல் நூலாக வேர் ஓடியது. ஒரு பிடி அள்ளினாள். அதில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று கிடந்தது, கல்யாணமான வருஷம் கடலை பறிக்கும்போது அவள் கையிலிருந்து உடைந்து விழுந்தது. தன் மண்தான். அது அவள் உள்ளங்கையில் கன்றுக்குட்டியின் மூக்கைப் போல ஈரமாக அழுந்தியது. வெகுநேரம் வைத்திருந்தவள் அதை இருந்த இடத்திலேயே விட்டு, சருகை இழுத்து மூடிவிட்டு வந்தாள். கையைக் கழுவாமலே புருஷனுக்குச் சோறு போட்டாள்.

"கோவத்துல போகலீங்க மாமா. வெயிலு தாங்காமப் போயிருக்குது."

ஆறுச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, "மேல போத்தறதுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிப்புட்டேன் புள்ள" என்றார்.

அன்று மாலையே ஆறுச்சாமி டேங்கைப் பரணில் ஏற்றினார். மூடுவதற்குத் தோட்டத்தில் ஒரு சருகுகூட இல்லாததால், முதலில் சாக்கையும் பழைய சேலைகளையும் விரித்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த ஜமுக்காளமும் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு மட்டையும் தேங்காய்த் தொட்டியும் நார் மஞ்சியும் வந்தன. கல் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, ஆடியில் செம்மறிப் பட்டி அடைத்தார்கள். புழுக்கை கிடந்த இடமெல்லாம் கொள்ளு, சணப்பை, தட்டைப்பயறு, கம்பு என்று கலந்து தூவினார்கள். முளைத்ததில் பாதியை வெட்டி அங்கேயே போட்டு, வேரை உள்ளேயே விட்டார்கள். உழவே இல்லை. 2020இல் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், ஒரு கிண்ணம் அளவு மண் இட்டேரியைத் தாண்டி வந்தது. ஆறுச்சாமி அதைப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது போய் ஒரு மட்டைக்கு அடியில் புகுந்த பிறகுதான் நகர்ந்தார். வீட்டுக்கு வந்து, "வந்திருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அதன்பின் கூடை கூடையாக வந்தது, மாதத்தில் நாலைந்து நாள். 2024 கோடையில் மற்ற தோப்புகள் காய்ந்தபோது ஆறுச்சாமியின் தென்னைகள் ஓலை தொங்காமல் நின்றன. ஊடே வளர்ந்த தண்டங்கீரையை அப்பாஸ் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்கள். இரத்தம் குறைவு என்று வருஷக்கணக்கில் மாத்திரை தின்ற அவர் மனைவி பாத்துவுக்கு இரண்டு மாதத்தில் உதடு சிவந்தது. ஒரு கவளம் தின்றாலே வயிறு நிறைகிறது என்றாள். தன் காடு மறுபடி தாழ்ந்திருக்கும் என்று அப்பாஸ் ஒரு குச்சியோடு அளக்கப் போனார். தாழவில்லை, நாலு விரல் கூடியிருந்தது. எடுக்க எடுக்கக் கூடுவதை அவர் பாத்திரக்கடையில் பார்த்ததில்லை. ஆனாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், குச்சியை வேலியில் செருகிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.

போன மாசியில் ஒரு நாள், ஆறுச்சாமி அங்கே பார்த்திராத செம்மண் கொஞ்சம் தோட்டத்து ஓரத்தில் வந்து நின்றது. அந்த நிறம் வாளையார்ப் பக்கத்து மண்ணுக்குத்தான் உண்டு. லாரிகளுக்கு இடையில் ஹைவேயைத் தாண்டி வந்திருக்க வேண்டும், மேலெல்லாம் கரி. உள்ளே வரலாமா என்று தயங்குவது போல இருந்தது. ஆறுச்சாமி ஒரு மட்டையைத் தூக்கிப் பிடித்தார். அது அடியில் போய்ப் படுத்ததும் மெதுவாக மூடினார். உடையவர்கள் காணோமென்று தேடிக்கொண்டிருப்பார்களே என்று பழனாத்தாள் சொன்னாள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலாவது அவர்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று, சாப்பிட்டுக் கைகழுவி, பத்து மணி பஸ்ஸுக்கு ஆறுச்சாமி வாளையார் போனார்.