காலி மனையின் முதல் மாடி

அந்தி விளக்கின் கீழே உட்கார்ந்தவர்கள் யாரும் அதிக நேரம் தங்கியதில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான் எழுந்து போனார்கள்.

அந்த விளக்கைச் செய்தவள் பல் டாக்டரின் மனைவி. தெருவில் விளக்குக்காரி என்பார்கள். அவள் செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் வெளியில் எங்காவது ஒரு மூலம் இருக்கும். ஆற்றுக் கூழாங்கல்லைப் பார்த்து ஒரு மேசை செய்தாள். கோடையிலும் அதன் அடிப்பக்கம் ஈரமாக இருந்ததால் வாங்கியவர்கள் கீழே தண்ணீர்ப் பானையை வைத்துக்கொண்டார்கள். நத்தையைப் பார்த்துச் செய்த நாற்காலி வாரத்துக்கு ஒரு சாண் நகர்ந்தது. அதற்குத்தான் கிராக்கி அதிகம். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே ஜன்னல்வரை போய்விடலாம். இதிலெல்லாம் யாருக்கும் குறை இல்லை. அந்தி விளக்கில்தான் வினை வந்தது.

அதற்காக மழைக்காலம் முடிந்ததிலிருந்து கோடை வரும்வரை மாடியில் நின்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் சுலபமாகக் கிடைத்துவிட்டது. மைக்காத் தகடுகளை வெங்காயத்தோல்போல உரித்து, தேன்மெழுகு தடவி, செப்புக் கம்பியில் அடுக்கடுக்காகக் கட்டினாள். செம்மையும் சாம்பலும் அளவாக அமைந்தன. ஆனாலும் பார்க்கிறவர்கள் சிவப்பு விளக்கு என்றுதான் சொன்னார்கள். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தால்தான் அது அந்தி என்று அவளுக்குப் பிடிபட இன்னும் சில மாதங்கள் ஆயின. தகடுகளுக்குப் பின்னால் சின்ன மோட்டார் ஒன்றை வைத்து, துளை போட்ட வட்டை மெல்லச் சுழலவிட்டாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். இதோ அணையப்போகிறது என்று தோன்றும். அணையாது.

முதல்முதலாக அதைக் கூடத்தில் ஏற்றியபோது நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு அக்கா, புருஷன் வேண்டாம் என்று வந்து, தம்பி வீட்டோடு தங்கிவிட்டவள். மடித்ததைப் பாதியில் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், முன்வாசல் வழியாகப் போனாள். தெருவைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்து நாற்காலியில் சாய்ந்து, “அப்பாடா, ஒரு வழியா வந்து சேர்ந்தாச்சு” என்றாள். டாக்டரும் போனார். திரும்பி வந்து மணியடித்தபோது, வருடக்கணக்காக வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர் முகம்போல அவர் முகம் இருந்தது.

விளக்கு நன்றாகவே விற்றது. ஒரு ஹோட்டல்காரர் மாட்டிப் பார்த்தார். ஆர்டர் கொடுத்தவர்கள் தட்டு வருமுன் எழுந்து போனதால் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓர் அலுவலகத்தில் ஊழியர்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்கி மேலதிகாரியின் அறையில் மாட்டினார்கள். நகைக்கடையில் திருட வந்தவன் பூட்டை உடைத்த கையோடு வீடு திரும்பினான். விருந்தாளிகளை எழுப்ப முடியாதவர்கள் இரவல் கேட்டு வந்தார்கள்.

விளக்குக்காரிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவள் அதன் கீழே உட்கார்ந்தாள், நின்றாள், படுத்தும் பார்த்தாள். வட்டின் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். அடுத்த வீட்டுப் பூனை எழுந்து போயிற்று. குழாய் ரிப்பேர்காரர் ஸ்பேனரை விட்டுவிட்டுப் போனார். அவள் கால்கள் சும்மா கிடந்தன. வந்த புதிதில் கட்டிலில் ஓரமாகப் படுத்துப் பழகியவள் இன்னும் ஓரமாகத்தான் படுக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அலமாரியில் தன் புடவைகள் எப்போதும் பெட்டியில் வைக்கத் தோதாக அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். அதன் பிறகு எந்த அறையிலும் அவளால் நிலைகொள்ள முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போவாள், போனதும் இறங்குவாள்.

“அண்ணி, விளக்கு போட்டா உங்களுக்கு என்ன தோணுது?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

“நேரமாச்சு, யாரோ காத்துட்டிருக்காங்கன்னு தோணுது. அந்த ஆளோட வீட்ல இருந்தப்போ ஒரு நாளாவது இப்படி ஓடி வந்திருப்பேனா? உனக்கு எப்படி?”

“செஞ்சவளுக்கு எப்படி ஆகும் அண்ணி? சமைச்சு முடிச்சா நமக்குப் பசி போயிடுதில்ல, அது மாதிரிதான்.”

“நல்ல கதை. நான் சமைச்சா ரெண்டு தட்டுல்ல சாப்பிடுறேன்.”

நாத்தனார் அதோடு விட்டுவிட்டாள். விளக்குக்காரியால் விட முடியவில்லை. தினமும் இரண்டு பேர் ஆசையாக வீடு திரும்பினார்கள், தினமும் அவள் கதவு திறந்தாள். ஒரு மாலை டாக்டர் மணியடித்தபோது தாழ்ப்பாளில் கையை வைத்தவள் திறக்காமல் நின்றாள்.

“என்னம்மா, திற.”

“எனக்கு ஒண்ணும் தோணலைங்க.”

“என்ன தோணல?”

“வீட்டுக்குப் போகணும்னு. ஒரு நாள்கூடத் தோணல. அண்ணிகிட்ட ஏதோ சொல்லிச் சமாளிச்சேன்.”

“இது உன் வீடுதானே” என்றார்.

“உங்க வீடு. நான் நல்லாத்தான் இருக்கேன் இங்க.”

“யார் மேலயாவது கோபமா? அக்கா ஏதாவது சொன்னாளா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா பரவாயில்ல.”

சொல்லி முடித்ததும் அவள் உள்ளங்கால்கள் சூடாயின. கதவைத் திறந்தாள், அவரைத் தாண்டி வெறுங்காலோடு நடந்தாள். பல் டாக்டர் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், பஸ் டிப்போ எல்லாவற்றையும் தாண்டினார்கள். அவர்கள் இருவரும் அதுவரை வந்திராத ஒரு தெருவில், டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே முள்வேலி போட்ட காலி மனை ஒன்று கிடந்தது. அவள் வேலி இடைவெளியில் நுழைந்தாள், காலைத் தூக்கி வைத்தாள், ஏறினாள். ஒன்றுமில்லாத இடத்தில் படிபடியாக ஏறி, ஒரு மாடி உயரத்தில் நின்று, கதவைச் சாத்துவதுபோலக் கையை அசைத்தாள்.

உள்ளே அவளுக்கு ஓர் அறை இருந்தது. ஜன்னல் அவள் வைத்திருக்கக்கூடிய இடத்தில் இருந்தது. சுவரெங்கும் ஆணிகள், அவள் கை அடித்ததுபோலவே கோணலாக. சின்ன வயதில் அவள் அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் ஆகும். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். அவள் ஒரு நாற்காலியின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். கீழேயிருந்து பார்த்த டாக்டருக்கு அவள் ஆகாயத்தில் உட்கார்ந்து அழுவது தெரிந்தது.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார். அந்த நேரத்துக்கு அவருக்கு அதுதான் வந்தது.

காலையில் அவள் வீட்டுக்கு வந்தாள். “அங்க தண்ணி வருதா?” என்று நாத்தனார் கேட்டாள். வருகிறது என்றாள். “அப்போ சரி” என்று நாத்தனார் துணி ஊறவைக்கப் போனாள்.

பிறகு வருடங்கள் அப்படியே போயின. வாரத்தில் சில நாட்கள் இங்கே, சில நாட்கள் அங்கே. மனைக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு நகராட்சியில் விசாரித்தார். மாடிக்கு வரி உண்டு, தரைத்தளம் இல்லாத மாடிக்கு விதி எதுவும் இல்லை என்றார்கள். அவள் அங்கே செய்த பொருள்களைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வருவதை ஜெராக்ஸ் கடையில் நிற்பவர்கள் பார்த்து வழிவிட்டார்கள். நிம்மதி வந்துவிட்டதா என்றால், இல்லை. அங்கே இருக்கும்போது இவர் மாத்திரை போட்டாரா என்று எழுந்து உட்காருவாள். இங்கே இருக்கும்போது ஜன்னலைச் சாத்தினேனா என்று பாதிச் சாப்பாட்டில் யோசிப்பாள். கட்டிலில் மட்டும் இப்போது நடுவில் படுத்தாள், டாக்டர்தான் ஓரத்துக்குப் போக வேண்டியிருந்தது.

டாக்டர் எத்தனையோ தடவை ஏறிப் பார்த்தார். அவர் காலுக்குப் படி அகப்படவில்லை. கிளினிக்கை மூடிவிட்டு வந்து மனையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து, அன்று பிடுங்கிய பற்களைப் பற்றி மேலே பார்த்துச் சொல்வார். அவள் வேலை செய்தபடி கேட்பாள். மழை பிடித்தால் எழுந்து அவளுக்கு நேர் கீழே போய் நின்றுகொள்வார். அங்கே ஓர் அறை அளவுக்குத் தரை நனைவதில்லை. டயர் கடைக்காரரும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்துவார்.

“வீட்ல இருக்காங்களா சார்?” என்பார், தலையைத் துடைத்துக்கொண்டே.

“மேலதான் இருக்கா” என்பார் பல் டாக்டர்.