ஆலங்கரணையில் யாருக்கும் இல்லை

ஆஸ்பத்திரி ஃபைலை அரிசி டிரம்முக்குள் செருகி, அது மறையும்படி நாலு கை அரிசியை மேலே தள்ளி, மூடியை இறுக்கி அடைத்த பிறகுதான் தணிகைவேலுக்கு அழுகை வந்தது. டிரம்மின் மேலேயே இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று குலுங்கி அழுதார்.

நர்மதா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனது அவள் அப்பா. சித்தப்பா தேர்ந்தெடுத்த இடத்தை அவளால் குறை சொல்ல முடியவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அடுப்பு மூட்டாத வீட்டில் அரிசி டிரம்மை யார் திறக்கப் போகிறார்கள்?

"சம்பந்தி ஊட்டுக்காரங்க கவரப்பேட்ட தாண்டிட்டாங்களாம்," என்றார் சித்தப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "யாரு கேட்டாலும் அல்சர். முத்திப்போன அல்சர். வேற ஒரு வார்த்த வாயில வரக்கூடாது. இன்னா?"

"நைனா சொன்னதுதான சித்தப்பா. எனக்குத் தெரியாதா?"

"தெரியும் கண்ணு. இருந்தாலும் சொல்றேன்."

வெளியே பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் ராஜமாணிக்கம் படுத்திருந்தார். வயது ஐம்பத்தாறு. மூன்று ஏக்கர் நஞ்சையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர். ஆறு மாதத்தில் பாதி ஆளாகிப் போயிருந்ததால் பெட்டி அவருக்குப் பெரிதாக இருந்தது. தலைமாட்டில் அவர் மனைவி குணசுந்தரி, காலையிலிருந்து ஒரே இடத்தில், பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே படிகிற நீரை வெளியே துடைத்தால் போகுமா? அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

ஆலங்கரணையில் யாருக்கும் கேன்சர் வந்தது கிடையாது. அல்சர் வரும், மஞ்சக்காமாலை வரும், செய்வினைகூட வரும். கேன்சர் மட்டும் எல்லை தாண்டி உள்ளே வராது. எல்லைக்கு வெளியே கம்பெனிகளின் புகைபோக்கிகள் நிற்கின்றன. எல்லைக்கு உள்ளே வயலுக்கு அடிக்கிற மருந்தும் பீடியும் ஹான்ஸ் புகையிலையும் தாராளமாகக் கிடைக்கின்றன. இதில் எது காரணம், அல்லது எதுவுமே இல்லாமல் வெறும் தலையெழுத்தா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வந்து பார்க்கவும் ஆள் இல்லை. இல்லாத நோயைப் பார்க்க யார் வருவார்கள்?

வருகிற கேன்சர் எல்லாம் செவ்வாப்பேட்டையில் வந்தது. தணிகைவேல் குடியிருப்பது அங்கே. ரயிலேறினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். ஊரில் யாருக்காவது அந்த நோய் என்று தெரிந்ததும், நாலு பேர் கண்ணில் படாமல் தணிகைவேல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு போடும்போது முகவரியும் அவருடையதையே கொடுப்பார்கள். ஊர்ப்பெயர் எழுதினால் யாராவது கடிதம் கொண்டுவருவான், விசாரிப்பான், விஷயம் வெளியே போகும். பொண்ணு எடுக்கிறவன் ஓடுவான். தணிகைவேல் இளகின மனசுக்காரர். மாட்டேன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. முதலில் ராஜமாணிக்கத்தின் பக்கத்து வீட்டு ரங்கசாமி போனார். அப்புறம் இன்னொருவர். மூன்றாவதாகச் சொந்த அண்ணன்.

இந்தத் தை மாதம் செவ்வாப்பேட்டையில் ஒரு கூத்து நடந்தது. ஒரே கதவு எண்ணில் மூன்று கேன்சர் என்று கண்டுபிடித்து, ஜீப்பில் ஒரு சுகாதாரத்துறைக் கூட்டம் வந்து இறங்கியது. போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்தார்கள். தெருக்காரர்கள் மிரண்டுபோய், எல்லாம் இந்த டவரால்தான் என்று செல்போன் டவரை எடுக்கச்சொல்லி மனு எழுதி, அதில் தணிகைவேலிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இதைச் சித்தப்பா நடித்துக் காட்டியபோது நைனா சிரித்த சிரிப்பு நர்மதாவுக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் வாந்தி எடுத்தார்.

பதினொரு மணிக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து கார் வந்தது. சந்திரமோகன் உரக்கடை வைத்திருப்பவர். மனைவி ஜோதிலட்சுமியோடு மாலை போட்டு, பெட்டியைச் சுற்றிவந்து கும்பிட்டார். மகன் சசிகுமாருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஆவணியில் அவனுக்கும் நர்மதாவுக்கும் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. ஜோதிலட்சுமி நர்மதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய்யழுகை இல்லை. அதுதான் நர்மதாவுக்குச் சங்கடமாக இருந்தது.

அவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் சுகாதார நர்ஸ் செண்பகம் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். நாலு கிராமத்துக்கு அவள் ஒருத்திதான். பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, மாத்திரை எல்லாம் அவள் நோட்டு வழியாகத்தான் மேலே போகும். பந்தலில் காலியாக இருந்தது சந்திரமோகனுக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றே. அதிலேயே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

"எதனால?"

"அல்சர் நர்ஸம்மா," என்றார் தணிகைவேல். "முத்திப்போச்சு."

செண்பகம் உடனே எழுதவில்லை. பேனாவை நோட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கத்தில் பன்னிரண்டு வருட சர்வீஸ்.

"ரெண்டு வருசத்துல ஏழாவது அல்சர் சார் இது. போன மாசம் மீட்டிங்ல, ஆலங்கரணைக்கு கேன்சர் கணக்கு பூஜ்ஜியம், வெரிகுட்னு என்னப் பாராட்டினாங்க. நல்லாதான் இருந்துச்சு. இன்னா ஒண்ணு, பொம்பளைங்களுக்கு மாரு டெஸ்ட் பண்ற வண்டி இந்த மாசம் நம்ம ஊருக்கு வரணும். கேஸ் இல்லாத ஊருக்கு எதுக்குன்னு டவுன் பக்கம் திருப்பி உட்டுட்டாங்க." பேனாவை மூடித் திறந்தாள். "நீங்க சொல்றதத்தான் நான் எழுத முடியும். அல்சர்னே போட்டுடட்டுமா?"

"போடுங்கம்மா."

குணசுந்தரியின் கை கண்ணாடிமேல் நின்றது. பிறகு மறுபடியும் துடைக்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஞானம்மா, "நர்மதா, இங்க வா," என்று கூப்பிட்டாள். ரங்கசாமியின் பெண்டாட்டி, அவர் போய் ஒரு வருடமாகிறது. கையில் முறத்தோடும் முகத்தில் திகைப்போடும் டிரம்மின் பக்கத்தில் நின்றிருந்தாள். முறத்தில் அரிசி. அரிசிக்கு மேல் ஃபைல்.

நர்மதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில் சோறு பொங்க அரிசி வேண்டாம். வாய்க்கரிசி போட வேண்டும். ஊரில் எத்தனையோ எழவுக்கு முன்னால் நின்று எல்லாம் செய்த சித்தப்பா, சொந்த அண்ணன் சாவில் அதை மறந்திருக்கிறார்.

ஞானம்மா ஃபைலைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே அவளுக்குத் தெரிந்தது. "எங்க ஊட்டுக்காரருதும் இதே கலருதான்," என்றாள் மெதுவாக. "வென்னீர் அடுப்புல போட்டுக் கொளுத்திட்டேன். நீயும் எங்கனா நல்ல எடமா பாத்து வையி. கல்யாணம் ஆவற பொண்ணு." ஃபைலை நர்மதாவின் கையில் திணித்துவிட்டு, முறத்தோடு பின்பக்கம் போய்விட்டாள்.

நர்மதா கையில் அதை வைத்துக்கொண்டு நின்றாள். வைக்க இடமா இல்லை? பரண் இருக்கிறது, பீரோ இருக்கிறது. அவளுக்கு சசிகுமாரைப் பிடித்திருந்தது. போனில் அவன் சாப்பிட்டியா என்று கேட்கிற விதம் பிடித்திருந்தது. இந்த ஃபைல் வெளியே தெரிந்தால் அது போய்விடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பயமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கடைசி மாதம் ஆஸ்பத்திரியில், வலிக்கு வீட்டுக்கே வந்து மருந்து கொடுக்கிற வண்டி இருக்கிறது, எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார் நைனா. வண்டி வாசலில் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும். "கல்யாணம் முடியட்டும்" என்றார். அதன் பிறகு வலி வரும்போதெல்லாம் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தார். அந்தத் துண்டை அவள்தான் துவைத்தாள். இரண்டு இடத்தில் பல் பட்டு இழை விட்டிருந்தது.

தன் கல்யாணத்துக்காக ஒரு மனுஷன் துண்டைக் கடித்துக்கொண்டு செத்திருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். சிப்காட்டில் பிஸ்கட் கம்பெனி லேபில் அவள் நாள் பூராவும் செய்கிற வேலை, மெஷின் காட்டுகிறதை அப்படியே நோட்டில் எழுதுவது. ஒரு புள்ளி மாற்றி எழுதினாலும் அந்த லாட்டுச் சரக்கு முழுக்கத் திரும்பி வரும். அங்கே பிஸ்கட்டுக்கு இருக்கிற மரியாதை இங்கே நைனாவுக்கு இல்லை.

பந்தலுக்குப் போனாள். செண்பகத்தின் மடியில் ஃபைலை வைத்தாள்.

"அல்சர் இல்ல நர்ஸம்மா. கேன்சர். வயித்துல."

"நர்மதா!" என்றார் சித்தப்பா.

"சீட்டுல செவ்வாப்பேட்டன்னு போட்டிருக்கும். அது பொய்யி. ஆறு மாசம் மருந்துக்குப் போய் வந்தாரு, அவ்ளோதான். பொறந்தது இங்க, பயிர் வெச்சது இங்க, தண்ணி குடிச்சது இங்க. இங்கயே எழுதுங்க."

செண்பகம் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதட்டுமா? எழுதினா அப்பறம் மாத்த முடியாது."

"எழுதுங்க."

பேனா ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. சந்திரமோகன் பக்கத்திலிருந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கடையில் ஒருவன் கள்ள நோட்டை நீட்டினால்கூட அவர் முகம் இப்படித்தான் இருக்கும் என்று பிற்பாடு தணிகைவேல் சொன்னார். ஜோதிலட்சுமி நர்மதாவைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் சந்திரமோகன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மனைவியும் எழுந்தாள். இரண்டு பேரும் காரை நோக்கி நடந்தார்கள்.

எழவு வீட்டில் யாரும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. சொல்லாமல் போவதுதான் முறை. அதனால் அவர்கள் முறைப்படி போனார்களா, முறித்துக்கொண்டு போனார்களா என்பதைப் பந்தலில் இருந்த நாற்பது பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பிணம் எடுக்கும் முன்னால் போனது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. கார் மண் ரோட்டில் திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

"கெடுத்துட்டியேம்மா," என்றார் தணிகைவேல். திட்டுவதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. "செத்தும் உனக்காகப் படுத்துக்கினு கீறாரு பாரு, அவரு சொன்ன ஒத்த வார்த்தைய காப்பாத்தலையே நீ."

நர்மதா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். தப்பு செய்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. ஆவணி, சசிகுமார், புடவை எடுக்கப் போக வேண்டிய நாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்து போயின. அம்மாவின் முகத்தைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

காலையிலிருந்து எழுந்திராதவள், பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செண்பகத்தின் நாற்காலிக்கு வந்தாள். அடிக்கப் போகிறாளோ என்றுதான் நர்மதா நினைத்தாள். குணசுந்தரி மகளைப் பார்க்கவில்லை. குனிந்து, நர்ஸின் காதோரம் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். பக்கத்தில் நின்ற நர்மதாவுக்குக் கேட்டது.

"நர்ஸம்மா, செத்த உள்ள வாயேன். எனக்கு மார்ல ஒரு கட்டி கீது."

செண்பகம் நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். இருவரும் உள்ளே போனார்கள். நர்மதாவும் பின்னாலேயே போனாள். அறை வாசலில் குணசுந்தரி திரும்பி, "நீ வெளிய இரு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே ரவிக்கை ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற சத்தம். பிறகு செண்பகத்தின் குரல்.

"எத்தினி நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து. நெல்லிக்காயாட்டம்தான் இருந்துச்சு."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"அவரு கெடக்குற கெடையில எங்க சொல்றது? இவ கல்யாணம் ஆவட்டும்னு இருந்தேன்."

நர்மதா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தணிகைவேல் கூடத்துக்குள் வந்தார். தோளில் ஈரத்துண்டு, கொள்ளி வைப்பதற்காகக் குளித்திருந்தார்.

"நேரமாவுது. வாய்க்கரிசி போட அண்ணிய இட்டாந்து உடு. எல்லாரும் காத்துக்கினு கீறாங்க."

"கொஞ்சம் இருக்கட்டும் சித்தப்பா."

"இன்னும் இன்னாத்துக்கு?"

"அம்மாவ நர்ஸம்மா பாத்துக்கினு கீறாங்க."

தணிகைவேல் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வாசலுக்குப் போய், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று கையைக் காட்டினார். எடுக்கிற நேரம் என்று எழுந்து நின்றிருந்த மோளக்காரர்கள் மறுபடியும் தெரு ஓரத்தில் குந்தி, வைக்கோலைக் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்ச ஆரம்பித்தார்கள்.