நாலு திசை பார்த்த இரும்பு

சௌராஷ்டிரர் வீட்டுப் பிள்ளை தறியில் உட்காராமல் மோட்டார் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஜனகராஜைப் பற்றிப் பேசாத வாய் அவன் தெருவில் கிடையாது. "பட்டு தொட்ட கை, இப்ப கரி தொடுது" என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவனுக்கென்னவோ அந்தக் கரியில்தான் உயிர்.

பழங்காநத்தத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு, அதற்குப் பட்டறை என்று பெயர் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த வேலையெல்லாம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் ஜட்கா வண்டிக்கு அச்சு அடிப்பதும்தான். அண்ணன் லட்சுமிநாராயணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்று, தங்கள் வீட்டுப் பாஷையில் சொல்லிவிட்டார். அது நமக்குப் புரியாது என்பதால் தமிழிலேயே சொல்கிறேன்.

"அப்பா இருந்தவரைக்கும் ரெண்டு தறியும் பக்கத்துப் பக்கத்துல ஓடுச்சு. இப்ப ஒண்ணு சும்மா கிடக்கு. பங்குனி முடியட்டும். அதுக்குள்ள உன் தொழில் ஒரு தொழிலா நின்னா சரி. இல்லேன்னா சித்திரை பிறந்ததும் என் பக்கத்துல வந்து உக்காரு. சம்மதமா?"

ஜனகராஜ் சம்மதம் என்றான். சொன்ன வாயை அப்புறம் அவனே நாலு தடவை நொந்துகொண்டான்.

அந்த நேரத்தில்தான் சோலையம்மாள் வந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு பஸ் ஓட்டும் அம்மாள் அவள். புருஷன் போன பிறகு பஸ்ஸையும் டிரைவர்களையும் ஒரே அதட்டலில் கட்டி மேய்ப்பவள். மாட்டு வண்டியில் எதையோ ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கினாள். பார்த்தால் மோட்டார் கார்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் கப்பலில் வந்தது. பதினைந்து வருஷமாக மாட்டுக் கொட்டத்தில் நின்று, மேலே கோழி முட்டையிட்டு, கீழே நாய் குட்டி போட்ட வண்டி. என்ஜின் பாதி உள்ளே இருந்தது, பாதியைக் காணோம்.

"எங்க வீட்டுக்காரரு ஆசையா வாங்குனது தம்பி" என்றாள் சோலையம்மாள். "சித்திரை ஒண்ணாந்தேதி இதுல ஏறி நான் அழகர்கோயில் போகணும். நீ ஓட்டிக் காட்டிட்டா, என் ரெண்டு பஸ்ஸும் இனிமே உன் பட்டறைதான். காட்டலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

இரண்டு பஸ்! அந்த வேலை ஒன்று போதும், பட்டறை நின்றுவிடும். ஆனால் யுத்தம் வந்த பிறகு சீமையிலிருந்து புது வண்டிக்கே சாமான் வருவதில்லை, முப்பது வருஷத்துப் பழைய வண்டிக்கு எங்கே போவது? செய்த கம்பெனியே மறந்துபோன மாடல். ஜனகராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினான். சோலையம்மாளின் ஊரிலேயே பாதி கிடைத்தது. கார்புரேட்டரின் பித்தளைக் கிண்ணத்தை மொக்கையன் என்ற கிழவர் சுண்ணாம்பு டப்பாவாக வைத்திருந்தார். தீப்பொறி கிளப்புகிற மேக்னெட்டோவின் காந்தத்தைத் தட்டான் வீட்டில் வைத்து அரத்தூள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வால்வு எட்டில் மூன்று, ஒச்சம்மாள் கடையில் புளி இடிக்கும் குழவியாக வேலை பார்த்தன. கெஞ்சியும், பதிலுக்குப் பொருள் கொடுத்தும், சில இடத்தில் வசவு வாங்கியும் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டான்.

ஒன்றே ஒன்று மட்டும் அகப்படவில்லை. கேம் ஷாப்ட். வால்வுகளைத் தள்ளித் திறக்கிற இரும்புத் தண்டு அது. இந்த வண்டிக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடது இருந்தது. வலதைக் காணோம். அது இல்லாவிட்டால் உள்ளே எரிந்த புகை வெளியே வராது, என்ஜின் மூச்சுமுட்டி நின்றுவிடும். கடைசல் பட்டறைக்காரர்களோ, "மாதிரி இல்லாம இதை எப்படிய்யா கடையிறது?" என்று கைவிரித்தார்கள். ஜனகராஜ் ஒரு நூலை எடுத்து, என்ஜினில் அந்தத் தண்டு உட்காரும் இடத்தை அளந்து, அந்தப் பக்கத்து ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான். நாலு முடிச்சு. முதல் இரண்டும் நெருங்கி, நடுவில் இடைவெளி, பிறகு இரண்டு நெருங்கி. நெசவுக்காரன் பிள்ளை, நூல் அளவு தப்பாது.

பங்குனி முடிய மூன்று நாள் இருக்கும்போது சோலையம்மாளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "எங்ககிட்ட அப்ப காளைன்னு ஒரு டிரைவர் இருந்தான். அவன்தான் இதைக் கழட்டுனது. இப்ப பூலாங்குளத்துல கருப்பசாமிக்குப் பூசாரியா இருக்கான்."

ஜனகராஜ் விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளை மிதித்தான்.

காளைக்கு ஐம்பது வயதிருக்கும். விபூதியும் மீசையுமாக ஆள் வாட்டசாட்டம். ஜனகராஜ் விஷயத்தைச் சொன்னதும் வானத்தைப் பார்த்தார். "கேம் சாப்ட்டா? அப்படின்னா என்ன தம்பி? நான் அதைக் கழட்டவும் இல்ல, எடுத்துட்டு வரவும் இல்ல."

பத்து வருஷம் கார் ஓட்டியவருக்குக் கேம் ஷாப்ட் என்றால் என்னவென்று தெரியாதாம்! எடுத்தாயா என்று இவன் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். ஜனகராஜ் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். காளையின் மனைவி அன்னக்கொடி கம்பங்கூழைக் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க தம்பி. ஊறுகாதான் இருக்கு. இந்த வீட்டுல நல்லது பொல்லதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் மிஞ்சாது. வெள்ளிக்கு வெள்ளி காப்படி விளக்கெண்ணெயை இந்த மனுசன் சாமி இரும்புக்குத் தடவிடுவாரு."

"அருவாளுக்கா அம்மா?"

"அருவாளு எல்லாத்துக்கும் சும்மா தொட்டு வைப்பாரு. நடுவுல நிக்கிற இரும்புக்குத்தான் அம்புட்டு எண்ணெயும். ரொம்பத் துடியான சாமி தம்பி. நாலு மொகம். ஒரு மொகம் கிழக்க பாக்கும், ஒண்ணு தெக்க, ஒண்ணு மேக்க, ஒண்ணு வடக்க. நாலு திசைக்கும் காவலு!"

ஜனகராஜ் கூழைக் கீழே வைத்தான். நாலு சிலிண்டர் வண்டி. ஒரு பக்கத்து நாலு வால்வும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும். அப்படியானால் தண்டில் வால்வைத் தள்ளுகிற நாலு முட்டும் ஆளுக்கொரு திசையைத்தானே பார்க்கும்!

கோயிலுக்கு ஓடினான். ஆலமரத்தடியில் துருவேறிய அருவாள்களும் வேல்களும் வரிசையாக நட்டிருந்தன. நடுவில் சந்தனமும் குங்குமமும் அப்பிய ஒரு தண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, கிட்டப் போகாமல், எட்ட நின்றே நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். இரண்டு நெருங்கி, நடுவில் இடைவெளி, இரண்டு நெருங்கி. சந்தேகமே இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மனைவியோடு பின்னாலேயே வந்த காளையின் முகம் செத்துப்போயிருந்தது. "சாமிக்கு நட்டதை மனுசன் பிடுங்கக் கூடாது தம்பி."

"சாமிகிட்டயே கேட்டுப் பாத்துட்டு எடுக்கலாமில்ல அண்ணே?"

அதற்கு மறுப்புச் சொல்லப் பூசாரியால் முடியுமா? பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சாமி கொடுத்தது, சிவப்பு வந்தால் வந்த வழியே போக வேண்டியது. காளை மரத்துக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து சாமி முன் போட்டார். ஜனகராஜ் கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். பிரித்தான்.

செவ்வரளி.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மாசம் அலைந்த அலைச்சல், கண் முன்னால் நிற்கிற இரும்பு, எல்லாம் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது. "சரி அண்ணே. வாரேன்" என்று எழுந்தான்.

"இருங்க தம்பி" என்றாள் அன்னக்கொடி. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நம்ம வெள்ளை அரளிச் செடி மாசியிலயே பட்டுப்போச்சே. வெள்ளைப் பூவுக்கு எங்க போனீரு?"

காளை மற்றப் பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினார். அன்னக்கொடி முந்திக்கொண்டாள். பிரித்தாள். அதிலும் செவ்வரளி!

"அடப்பாவி மனுசா! ரெண்டுலயும் சிவப்பை வச்சுக் கட்டுனா சாமி என்னய்யா பண்ணும்? உம்ம பேச்சையா அது பேசணும்?"

காளை தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எல்லாம் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் என்ஜினைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஜம்பமாகக் கழற்றியிருக்கிறார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. முதலாளி தோலை உரித்துவிடுவார் என்று நடுங்கி, அடி விழாமல் தப்பினால் அருவாள் நட்டு வைக்கிறேன் என்று கருப்பனுக்கு நேர்ந்துகொண்டார். முதலாளி ஏனோ திட்டவே இல்லை, வேறு கார் வாங்கிக்கொண்டார். நேர்த்திக்கடன் நின்றது. அருவாள் அடிக்க வழியில்லை. கைக்கு அகப்பட்ட இந்தத் தண்டைக் கொண்டுவந்து நட்டுவிட்டார். ஊரார் அதற்கு நாலு முகம் கண்டுபிடித்துக் கும்பிடத் தொடங்கியதும் வாயைத் திறக்க முடியவில்லை.

"களவாண்ட இரும்பைக் கும்பிட வச்சேன்னு தெரிஞ்சா ஊரு என்னை என்ன செய்யும் தம்பி? அதான்..." மீசை வைத்த ஆள் தேம்பினார்.

அன்னக்கொடிக்கு அழுகையெல்லாம் ஒத்துவராது. "நீரு நேந்தது என்ன? அருவா. நட்டது என்ன? அடுத்தவன் சொத்து. அப்ப சாமிக்கு இன்னமும் அருவா பாக்கி. முதல்ல அதைக் குடுத்துடும்." சொல்லிவிட்டு அடுத்த வீட்டில் நந்தியாவட்டை பறித்துவந்து, இருவர் கண் முன்னாலும் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று கட்டினாள். நன்றாகக் குலுக்கிப் போட்டாள். "நீரே எடும்" என்றாள் புருஷனிடம்.

காளை ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று சிரித்தது. காளை சாமி முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லன் சுடலை வீட்டுக்குப் போய், ஒரு முழு அருவாளை அடிக்கச் சொன்னார். மறுநாள் ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லி, அருவாளை நட்டுத் தண்டைப் பிடுங்கினார். ஊர் இரண்டு நாழிகை திட்டியது, பிறகு சிரித்தது.

சந்தனத்தை வழித்தபோது ஜனகராஜ் அசந்துபோனான். பதினைந்து வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற இரும்பில் துருவே இல்லை! வெள்ளிக்கு வெள்ளி விளக்கெண்ணெய் குடித்து, நேற்றுத்தான் சீமையிலிருந்து வந்தது மாதிரி மினுமினுத்தது. எந்த குடோனில் வைத்திருந்தாலும் இவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது.

பங்குனி கடைசி நாள் மாலை. தண்டு தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இனி முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டியதுதான். ஜனகராஜ் சுற்றினான். இருமியது, நின்றது. தண்டோடு கூடவே பட்டறைக்கு வந்திருந்த காளை சுற்றினார். ஒரு தடவை வெடித்தது, நின்றது. மாறி மாறிச் சுற்றி இருவர் தோளும் கழன்றுவிட்டன. பொழுதும் இறங்கிவிட்டது.

அப்போது லட்சுமிநாராயணன் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தம்பியைக் கூட்டிப்போக வந்தவர் வாசலிலேயே நின்று பார்த்தார். ஜனகராஜ் கைப்பிடியைப் பிடித்தபடி தரையில் குந்தியிருந்தான். உள்ளங்கை கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவைண்ணா" என்றான். ஆனால் எழ முடியவில்லை.

அண்ணன் துண்டை இடுப்பில் கட்டினார். "தள்ளு" என்றார். முப்பது வருஷம் தறி அடித்த கை. ஒரே சீராக, மூச்சை அடக்கி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. நாலாவது சுற்றில் வண்டி குபீரென்று கரும்புகையைக் கக்கி, உடம்பெல்லாம் குலுங்கி, தடதடவென்று ஓடத் தொடங்கியது. காளை "கருப்பா!" என்று கத்தினார். ஜனகராஜ் அழுதான்.

லட்சுமிநாராயணனின் வேட்டி கறுத்து, முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. சூடேறிய என்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனகராஜ் என்ஜினை அணைக்கப் போனான்.

"நிறுத்தாதேடா" என்றார் அண்ணன். "தறிக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன். இது கொஞ்ச நேரம் ஓடட்டும்."